பழைய பல்லில் புதுச் செயின்

“சனிக்கிழமை பன்னெண்டரைக்கு உன் கடைக்கு எதிர்ல நிப்பேன்” என்று அவர் போனில் சொன்னபோது, அந்தப் பக்கம் துணி வெட்டும் சத்தம் நின்றது.

“எதுல வர்றீங்க?”

“சைக்கிள்ல.”

“நூறு கிலோமீட்டரா?”

“போக நூறு, வர நூறு. எங்க சைக்கிள் குழுவுல வருஷா வருஷம் வைக்கிற சவாரிதான். இந்தத் தடவை உங்க ஊர்லதான் திரும்பற இடம். வந்து சேர்ந்ததுக்கு அடையாளமா எதிர் டீக்கடையில அட்டைக்கு ஸ்டாம்ப் வாங்கணும். பன்னெண்டு நாப்பதுக்குள்ள.”

“எனக்குச் சாப்பாட்டு நேரம் பன்னெண்டரையிலேர்ந்து ஒரு மணி வரைக்கும். அப்புறம் மெஷின்ல உக்காந்துடணும். லேட் பண்ணாதீங்க.”

“நான் என்னிக்கு லேட்டா வந்திருக்கேன்?”

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “இன்னொரு விஷயம். முதலாளியம்மா என்னை மேற்பார்வைக்குப் போடறேங்கறாங்க. வெட்டற மேஜை முழுக்க என் பொறுப்பு. ஆனா மூணு வருஷம் இருப்பேன்னு எழுதிக் கொடுக்கணும். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.”

“ஓ” என்றார் அவர்.

“ஓவா?”

“இல்ல... நல்ல விஷயம்தானே.”

“நல்ல விஷயம்தான்.” அந்தப் பக்கம் கத்திரி மறுபடி ஓட ஆரம்பித்தது. “வேற?”

“வேற... புதுச் செயின் மாட்டியிருக்கேன். பழசு ரொம்ப இழுத்துடுச்சு.”

“சரி, வெச்சுடறேன்.”

அது புதன்கிழமை. போனை வைத்த பிறகு அவர் கூடத்து நடுவில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து, சைக்கிளுக்கு மறுபடி எண்ணெய் போட்டார். மாவு டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் பழைய செயினை ஊறப் போட்டிருந்தார். மாவு டப்பாவில் மண்ணெண்ணெயா என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். குழுவில் அவரை எல்லோரும் ‘மாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி அவளுடைய அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போய் நாலு வருஷம் ஆகிறது. அம்மா விழுந்து இடுப்பு முறிந்து, இரண்டரை வருஷம் படுத்துக் கிடந்து போய்ச் சேர்ந்தார். “வீட்டை ஒழிச்சுட்டு வர்றேன்” என்றாள் மனைவி. ஒழித்தாள். பொழுது போகவில்லை என்று திரைச்சீலை தைக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பொழுது போயிற்று, அவள் வரவில்லை. சண்டை கிடையாது, மனஸ்தாபம் கிடையாது. ஞாயிறு, புதன் தவறாமல் போன். அவள் வரவில்லை, இவர் வா என்று கேட்கவில்லை. வருகிறவளை எதற்குக் கேட்பது என்று முதலில் இருந்துவிட்டார். பிறகு, இத்தனை நாள் கேட்காமல் இப்போது எப்படிக் கேட்பது என்று ஆகிவிட்டது.

‘வீட்டுக்கு வந்துடு.’ இரண்டே வார்த்தை. போனில் அது தொண்டை வரை வந்து, செயினாகவோ மழையாகவோ கரண்ட் பில்லாகவோ மாறிவிடும். நேரில் பார்த்தால் வந்துவிடும் என்று அவர் நம்பினார். திங்கட்கிழமைக்கு முன்னால் நேரில் பார்க்க இருப்பது சனிக்கிழமை அரை மணி நேரம்தான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நீச்சல்குளத்து வாசலிலிருந்து இருபத்திரண்டு பேர் கிளம்பினார்கள். அவர் பக்கத்தில் பல் டாக்டர் வந்தார். ஐம்பது வயசு, வாய் ஓயாத மனுஷர். சிகிச்சை நாற்காலியில் மற்றவர்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தான் மட்டும் பேசிப் பழகியவர்.

பத்தாவது கிலோமீட்டரில் ஒரு மேம்பாலம். மாடி சீட்டை விட்டு எழுந்து பெடலை மிதித்தார். டக்கென்று கால் காற்றில் இறங்கியது. செயின் பல்லைப் பிடிக்காமல் குதித்துவிட்டது.

“என்ன மாடி, என்ன சத்தம் அது?”

“ஒண்ணுமில்ல டாக்டர். புதுச் செயின். பழகணும்.”

“செருப்பா கடிச்சுக் கடிச்சுப் பழக? பின்னாடி பல்சக்கரத்தை மாத்தினீங்களா?”

“இல்ல.”

“எத்தனை வருஷச் சக்கரம்?”

“ஆறு.”

டாக்டர் குனிந்து பின்சக்கரத்தை எட்டிப் பார்த்தார். “மாடி, தொழில்முறையில சொல்றேன். உங்க பல்லு தேஞ்சுபோச்சு. பழைய செயினும் பழைய பல்லும் சேர்ந்தே தேஞ்சதுங்க. ஒண்ணோட கோணல் ஒண்ணுக்குத் தெரியும். புதுசா நேரா ஒண்ணைக் கொண்டாந்து மாட்டினா அது எப்படி உக்காரும்? பழசையே விட்டிருந்தா இன்னிக்குப் பூரா ஓடியிருக்குமே!”

மாடிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. லிஃப்டில் கயிறு மாற்றினால் அது ஓடுகிற கப்பியின் பள்ளத்தையும் பார், இல்லாவிட்டால் புதுக் கயிறு வீண் என்று இருபத்தெட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர். சொந்த வண்டிக்கு மறந்துவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம்.

“எந்தெந்தப் பல்லுல குதிக்குது?”

“நடு மூணுலயும்.”

“ஏன்னா நீங்க அந்த மூணை விட்டு நகர்ந்ததே இல்ல! ஒம்பது சக்கரம் வெச்சுக்கிட்டு மூணுலயே குடித்தனம். மத்த ஆறும் புதுசாட்டம் இருக்கும். இன்னிக்கு அதுல ஓட்டுங்க.”

அது சரிதான். பெரிய பல்சக்கரங்களை அவர் தொட்டதே கிடையாது. அவை சோம்பேறிகளுக்கு என்று ஒரு வீம்பு. சிறியவற்றையும் தொட்டதில்லை, முழங்காலுக்கு ஆகாது. இப்போது அந்த இரண்டும்தான் மிச்சம். ஒன்றில் காலை ராட்டினம் மாதிரி சுற்றினாலும் வண்டி நகராது. இன்னொன்றில் ஒவ்வொரு மிதிக்கும் அம்மிக்கல்லைப் புரட்ட வேண்டும். ஒன்று ரொம்ப லேசு, இல்லாவிட்டால் ரொம்பக் கனம். உடம்புக்குப் பழகின நடு வேகம் என்பதே இல்லை.

நாற்பதாவது கிலோமீட்டரில் குழு முன்னால் நழுவ ஆரம்பித்தது.

“நான் உங்களோடயே வர்றேன்” என்றார் டாக்டர்.

“வேணாம், நீங்க போங்க. எனக்குப் பன்னெண்டரைக்கு ஒரு ஜோலி இருக்கு, எப்படியும் வந்துடுவேன்.”

“இந்த வண்டியில பன்னெண்டரைக்கா? அப்படி என்ன ஜோலி?”

“போங்க டாக்டர்.”

“எங்கயாவது நின்னுட்டா போன் பண்ணுங்க. வீம்பு பண்ணாதீங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். அவருடைய மஞ்சள் சட்டை சாலை முனையில் புள்ளியாகிக் காணாமல் போயிற்று.

அதன் பிறகு பேச்சுத்துணை கிடையாது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வெற்று வயல். எதிர்க்காற்று காதுக்குள் புகுந்து வேறு எதையும் கேட்கவிடவில்லை. ஐம்பது தாண்டியதும் சுண்டுவிரல்கள் மரத்துப் போயின; கையை உதறி உதறி உயிர் வரவழைத்தார். அறுபதில் உட்காருமிடம் எரிய ஆரம்பித்தது. மாற்றி உட்கார்ந்தால் முதுகு பிடித்தது, முதுகை நிமிர்த்தினால் காற்று மார்பைத் தள்ளியது. முகத்தில் வியர்வை காய்ந்து உப்பாகப் படிந்தது. இதற்கெல்லாம் அவர் பழகியவர். ஆனால் மற்ற நாட்களில் மனசு எங்காவது மேயப் போகும். உடம்பு பாட்டுக்கு ஓட்டும். இன்று உடம்பை விட்டு இம்மி நகர முடியவில்லை. எந்த மிதியில் செயின் குதிக்கும் என்று காலிலேயே காது வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்தது.

நடுநடுவே வாய்விட்டு ஒத்திகை பார்த்தார். “வீட்டுக்கு வந்துடு.” காற்று வாங்கிக்கொண்டு போயிற்று. “நீ இல்லாம...” என்று இன்னொரு விதமாக ஆரம்பித்துப் பார்த்தார். நீ இல்லாமல் என்ன? லிஃப்ட் ஓடுகிறது, சாப்பாடு இறங்குகிறது, செயின் மாட்டுகிறேன். விட்டுவிட்டார்.

மலையேற்றம் அறுபத்திரண்டில் தொடங்கி எண்பதில் முடியும். எழுபத்திரண்டாவது கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு, செங்குத்து. பெரிய பல்லில் வண்டி நத்தையாக ஊர்ந்தது. பொறுமை போய், பழக்க தோஷத்தில் விரல் பழைய கியருக்குத் தட்டிவிட்டது. எழுந்து ஒரு மிதி. டடக்! கால் விட்டுப்போய், முழங்கால் ஹேண்டில்பாரில் மோதி, வண்டியோடு சாலையோரச் சரளையில் சாய்ந்தார். செயின் கழன்று பல்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. மரத்த விரலால் அதை எடுத்து மாட்டக் கால் மணிக்கு மேல் ஆயிற்று. முட்டியில் ரத்தம், கையெல்லாம் கறுப்பு மசை. பிறகு இரண்டு கிலோமீட்டர் ஏறினாரோ இல்லையோ, மூச்சு வாங்கி நின்றார். மணி பதினொன்று இருபது.

பின்னாலிருந்து ஒரு வேன் திணறிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றது. பின்புறம் முழுக்க புது மெத்தைகள், பிளாஸ்டிக் உறையோடு.

“ஐயா, அடிபட்டிருக்கே. எங்க போறீங்க?” டிரைவர் தலையை நீட்டினான்.

அவர் ஊரைச் சொன்னார்.

“நானும் அங்கதான். ஏறுங்க. சைக்கிளைத் தூக்கி மேல போட்டுடலாம். வேணும்னா நீங்களும் மேலயே படுத்துக்கங்க. மெத்தை வாங்கறவனுக்குக்கூட இப்படி மலைமேல காத்தாடப் படுக்கற யோகம் கிடைக்காது.”

“வேணாம்ப்பா. நடுவழியில வண்டி ஏறக்கூடாது. ரூல்.”

“யாரு பாக்கறாங்க?”

“யாரும் பாக்கலைன்னாலும் எனக்குத் தெரியுமே.”

“போலீஸ்ல இருந்தீங்களா?”

“லிஃப்ட் மெக்கானிக்.”

“அடப் பாவமே! ஊரையே ஏத்தி இறக்கறவர் நீங்க ஏற மாட்டேங்கறீங்களே. முக்கால் மணியில விட்டுடறேன்யா.”

“நல்ல மனசுப்பா உனக்கு. நீ போ.”

வேன் புகையைக் கக்கிக்கொண்டு போயிற்று. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்ச்சியில் அரை கிலோமீட்டர் வலி தெரியவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டார்: ஏற்றம் ஆறு, முக்கால் மணி. இறக்கம் பதினாலு, இருபது நிமிஷம். சமதரை ஆறு, கால் மணி. பன்னிரண்டு நாற்பது. ஸ்டாம்பும் கிடைக்கும், அவளும் இருப்பாள். அவர் கணக்கில் அந்த இரண்டும் ஒரே வாசலில், ஒரே நிமிஷத்தில் நின்றன.

கணக்கில் காற்றைச் சேர்க்கவில்லை. உச்சிக்கு வந்தபோது அது மலையின் அந்தப் பக்கத்திலிருந்து கதவை அறைகிற மாதிரி அடித்தது. இறக்கத்தில் கூட மிதித்தால்தான் வண்டி போயிற்று. பெரிய பல்லில் மிதித்தால் கால் வெறுமனே சுற்றியது. சின்னப் பல்லில் அடிபட்ட முழங்கால் அலறியது. பன்னிரண்டு நாற்பதுக்கு இறக்கமே முடியவில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்கு முதுகுப் பையில் போன் அடித்தது. நின்றால் இரண்டு நிமிஷம் போகும். அடித்து, ஓய்ந்து, மறுபடி அடித்தது. அவர் குனிந்து மிதித்தார்.

டீக்கடையைத் தொட்டபோது மணி ஒன்று எட்டு. இறங்கிக் காலை ஊன்றியதும் தொடை பிடித்து இழுத்துக்கொண்டது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சைக்கிள்காரங்க எல்லாம் போயாச்சு சார்” என்றார் டீக்கடைக்காரர். “ஸ்டாம்ப் போடற மேடமும் பன்னெண்டே முக்காலுக்குக் கடையைக் கட்டிட்டாங்க. ஒரு அம்மா வேற வந்து இந்த பெஞ்சுல உக்காந்திருந்தாங்க, எதிர் மாடியில தைக்கிறவங்க. உங்களைத்தான் தேடினாங்களா?”

“எப்பப் போனாங்க?”

“ஒரு மணி அடிச்சப்புறம்தான். ரெண்டு டீ சொன்னாங்க. ஒண்ணு ஆறிப் போச்சுன்னு அதையும் அவங்களே குடிச்சாங்க.”

எதிரே மூன்று மாடிக் கட்டடம். முதல் மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. தையல் மெஷின்களின் இரைச்சல் தெருவுக்கு வழிந்தது. படிக்கட்டடியில் நின்ற காவலாளியிடம் சொல்லி அனுப்பினார். அவள் இறங்கி வந்தாள். கழுத்தில் அளவு நாடா, தோளில் நூல் துணுக்குகள். தலை முன்பக்கம் நன்றாக நரைத்திருந்தது. அது போனில் தெரியாத விஷயம்.

“ஐயோ, என்ன இது முட்டியில?”

“விழுந்துட்டேன்.”

“தண்ணி விட்டுக் கழுவுங்க முதல்ல. அஞ்சு நிமிஷம்தான் கேட்டிருக்கேன்.” அவளே டீக்கடைக் குவளையில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். “போன் பண்ணினேனே, ரெண்டு தடவை.”

“அடிச்சுது. நின்னா நேரம் போயிடும்னு...”

“எடுத்திருந்தா முதலாளியம்மாகிட்ட ஒரு மணி நேரம் தள்ளிக் கேட்டிருப்பேனே. வர்றீங்களா, திரும்பிப் போயிட்டீங்களா, ஒண்ணும் தெரியாம என்ன கேக்கறது?”

“ஒரு வேன்காரன் வேற கூப்பிட்டான். மலையில.”

“ஏறி வந்திருக்கலாமே?”

“ஏறினா எண்ணிக்கையில வராது.”

அவள் குவளையைக் கீழே வைத்தாள். “எந்த எண்ணிக்கையில?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். அட்டை, ஸ்டாம்ப், நடுவழி, ரூல் என்று எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. பதினொன்று இருபதுக்கு அந்த வேன் நின்ற இடம் கண் முன்னால் வந்தது. ஏறியிருந்தால் பன்னிரண்டு ஐந்துக்கு இந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவளுக்கு முன்னாலேயே வந்து, அவர் இரண்டு டீ சொல்லியிருப்பார். அப்போது அது அவருக்குத் தோன்றவே இல்லை. ஏறலாமா வேண்டாமா என்று யோசித்து வேண்டாமென்று சொல்லியிருந்தால்கூட ஒரு நியாயம் இருக்கும்.

“ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்” என்றார்.

“கேளுங்க.”

“வீட்டுக்கு வந்துடு.”

வந்துவிட்டது. நாலு வருஷம் தொண்டையில் நின்றது, ஒரு லாரி ஹாரனுக்கும் இன்னொரு லாரி ஹாரனுக்கும் நடுவில் சாதாரணமாக வெளியே வந்து விழுந்தது.

அவள் தோளிலிருந்த நூல் துணுக்கு ஒன்றை எடுத்து விரலில் சுற்றினாள்.

“நேத்து சாயங்காலம் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“திங்கக்கிழமைன்னியே.”

“திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருந்துது. புதன்கிழமை உங்ககிட்டச் சொன்னேன். ‘ஓ’ன்னீங்க. வியாழக்கிழமை பூரா போனைப் பக்கத்துலயே வெச்சுட்டிருந்தேன். எதுக்கும் ஒரு தடவை கூப்பிடுவீங்கன்னு.” சிரித்தாள், பாதிச் சிரிப்பு. “செயின் எப்படி இருக்குன்னு சொல்லவாவது.”

“அது சரியில்ல” என்றார் அவர்.

“தெரியுது.”

மேலே ஜன்னலிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “வர்றேன்!” என்று அண்ணாந்து குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். “கேட்டதுக்கு எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்லல. ஆனா மூணு வருஷம் எழுதிக் கொடுத்திருக்கேன். எனக்கும் இந்த வேலை பிடிச்சிருக்கு.” ஒரு படி ஏறி நின்றாள். “அஞ்சரைக்கு முடியும். இருக்கறதுன்னா இருங்க. உங்களுக்குத் திரும்பணும்னா கிளம்புங்க, இன்னும் நூறு இருக்கு இல்ல? வெயில் தாழறதுக்குள்ள மலையைத் தாண்டணும்.”

அவள் போய்விட்டாள். மெஷின் இரைச்சலில் எங்கோ ஒரு இடைவெளி நிரம்பியிருக்க வேண்டும். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

“மாடி! எங்க இருக்கீங்க?” டாக்டர் காற்றுக்கு மேல் கத்தினார்.

“திரும்பற இடத்துல.”

“எத்தனைக்கு வந்தீங்க?”

“ஒண்ணு எட்டு.”

“ஆஹா! காத்துக்காக எல்லாருக்கும் அரை மணி சலுகை கொடுத்திருக்காங்கய்யா. ஒண்ணு பத்து வரைக்கும் செல்லும்! டீக்கடைக்காரர்கிட்டப் போனைக் கொடுங்க, அவர் வாயால சொன்னாப் போதும்னு மேடம் சொல்றாங்க. நீங்க உள்ளதான் இருக்கீங்க. இப்பவே கிளம்பினா முடிச்சுடலாம். உச்சியில நான் நிக்கறேன், சேர்ந்து இறங்கலாம்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று இருபத்தாறு. கால் தானாக சைக்கிள் பக்கம் ஒரு அடி நகர்ந்தது.

“இல்ல டாக்டர். நான் வரல. என் பேரை அடிச்சுடச் சொல்லுங்க.”

“என்னாச்சு? உடம்பு ஏதாவது...?”

“உடம்பு இருக்கு. இங்க ஒருத்தருக்காகக் காத்திருக்கேன்.”

“யாருக்கு?”

“வீட்ல.”

“வீட்லயா? வீட்ல அங்கயா இருக்காங்க? சொல்லவே இல்லையே மாடி, ஆறு வருஷமா சேர்ந்து ஓட்டறோம்! எத்தனை மணிக்கு வர்றாங்க?”

“அஞ்சரைக்கு.”

“அதுவரைக்கும் என்ன பண்ணுவீங்க?”

“உக்காந்திருப்பேன்.”

“சரி, உக்காருங்க” என்று சொல்லி டாக்டர் வைத்துவிட்டார்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். காலை நீட்டினால் பிடித்தது, மடக்கினால் முட்டி வலித்தது. டீக்கடைக்காரர் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஐந்தரைக்கு என்ன பேசுவது என்று யோசித்துப் பார்த்தார். ஒத்திகை பார்க்க ஒரு வாக்கியம்கூட மிச்சமில்லை. கேட்க வந்ததைக் கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று.

முதல் மாடியில் இருபது மெஷின்களாவது இருக்கும். நிற்கும், ஓடும், நிற்கும். ஒரு லிஃப்ட் மேலே போகிற சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று அவர் சொல்லிவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு, அவளுடைய மெஷின் எது என்று கேட்கப் பார்த்தார். இதுதான் என்று ஒன்றைப் பிடித்தார். அது நின்றது, இன்னொன்று தொடங்கியது. அதுவாகவும் இருக்கலாம். மணி ஒன்றே முக்கால்.